நெடுநாள் கிடந்த வெளியிணைப்பு எஞ்சினைக் கயிறு இழுத்துப் பார்க்கும் முன்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். வாடைக்காற்று தணிந்து வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவுக் கரையிலும் கடல் திறக்கின்ற ஒவ்வோர் ஆண்டும், மீனவர் வாடிகளின் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்த, படகின் பின்புறத்தில் மாட்டும் வெளியிணைப்பு எஞ்சின்கள் வெளியே எடுக்கப்படுகின்றன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்த எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில், இக்காலத்தில் நடக்கின்ற ஒரு தவறைப் பற்றி உங்கள் பத்திரிகை வாயிலாகத் தொழிலாளர்களுக்கு எழுத விரும்புகிறேன். என் பட்டறைக்குப் பிஸ்டன் இறுகி வந்த எஞ்சின்களில் பெரும்பாலானவை, கடலில் ஓடி ஓடித் தேய்ந்தவை அல்ல. பல மாதங்களோ பல ஆண்டுகளோ ஓடாமல் கிடந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமல் இழுத்துக் கிளப்பப்பட்டு, ஓரிரு நாட்களுக்குள் எரிந்தவை.

நம் கரைகளில் இப்படிக் கிடக்கும் எஞ்சின்கள் ஏன் இத்தனை என்பதற்குக் காரணங்கள் உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் உதவியாகக் கொடுக்கப்பட்டவற்றுள் சில இடப்பெயர்வுகளில் வீட்டுக்கு வீடு தூக்கிச் செல்லப்பட்டு இன்னும் இருக்கின்றன. 1990 இல் கரையை விட்டுப் போன மயிலிட்டி மக்களுக்குத் துறைமுகப் பகுதி 2017 இல் விடுவிக்கப்பட்டபோது, உறவினர் வீட்டுக் கொட்டில்களில் இருந்த பழைய எஞ்சின்களைச் சிலர் திருத்தக் கொண்டுவந்ததை நான் கண்டேன். பின்னர் 2022 வந்தது. மாதக்கணக்கில் மண்ணெண்ணெய் கிடையாது. கிடைக்கத் தொடங்கியபோது, லீற்றர் 87 ரூபாவாக இருந்தது அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரேயடியாக 340 ரூபாவாகியது. அன்று கரையேற்றி வைத்த எஞ்சின்கள் பல, இப்போது கை மாறி, புதிய எஞ்சின் வாங்க இயலாத இளைஞர்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. பழைய எஞ்சினை வாங்குவதில் குறை ஒன்றும் இல்லை. முறையாகப் பார்த்தால் அது இன்னும் பத்து ஆண்டுகள் உழைக்கும். ஆனால் முறையாகப் பார்ப்பது என்றால் என்ன என்பதை அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞன், மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடந்த 15 குதிரைவலு எஞ்சின் ஒன்றை வாங்கினான். தீப்பொறி தரும் பிளக்கின் துளைக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு இழுக்கும்படி அயலவர் சொல்ல, நாலாம் இழுவையில் அது கிளம்பியது. நிறையப் புகைத்ததால், எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரின் கலவைத் திருகை, எரிபொருள் குறையும்படி உள்ளே முறுக்கினான். புகை குறைந்தது, சத்தமும் கூர்மையாகக் கேட்டது. எஞ்சின் நன்றாகி விட்டது என்றே எல்லோரும் எண்ணினார்கள். இரண்டாம் நாள் கரை கண்ணுக்கு மறையும் தூரத்தில் அது இறுகி நின்றது. துடுப்பு இல்லாத படகில் ஓர் இரவு முழுவதும் அவன் நீரோட்டத்தோடு போய், விடியற்காலையில் வேறொரு படகினரால் இழுத்துவரப்பட்டான். எஞ்சினை நான் திறந்தபோது மேல் சிலிண்டரின் சுவரில் பிஸ்டனின் அலுமினியம் அப்பியிருந்தது. காபரேற்றருக்குள் எரிபொருளை அளந்து விடும் பிரதான ஜெற்றின் துளை பழைய எரிபொருளின் பிசினால் பாதி அடைந்திருந்தது. எரிபொருள் வரும் எண்ணெய்க் குழாயின் கைப்பம்பில் வெடிப்பு ஒன்றிருந்து காற்றை இழுத்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் குளிர்நீர்ப் பம்பின் இறப்பர் இதழ்கள் ஒரு பக்கமாக மடிந்தபடியே விறைத்துப் போயிருந்தன. இந்த மூன்றையும் திருகு ஒன்றினால் சரிசெய்ய முயன்றதே அங்கு நடந்தது. அவன் உயிரோடு திரும்பினான் என்பதாலேயே இதை என்னால் அமைதியாக எழுத முடிகிறது.

இரண்டடி (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சினின் இயல்பை ஒருமுறை விளங்கிக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கும். மோட்டார் வண்டியின் எஞ்சினில் ஒயில் தனியே கீழே நிற்கிறது. நம் கரையில் பரவலாக உள்ள யமஹா என்டியூரோ போன்ற இரண்டடி எஞ்சின்களில் அப்படியில்லை. எரிபொருளோடு கலந்து வருகின்ற ஒயிலே பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் பேரிங்குகளுக்கும் கிடைக்கின்ற ஒரே மசகு. ஆகவே எரிபொருள் குறைந்தால் ஒயிலும் குறைகிறது. அதேவேளை காற்று மிகுந்த கலவை கூடிய வெப்பத்தோடு எரிகிறது. வெப்பம் கூடி மசகு குறைந்த இடத்தில் பிஸ்டன் பருத்துச் சுவரை உராய்கிறது. புகை குறைந்து சத்தம் கூர்மையாவதைக் கண்டு நாம் மகிழ்கின்ற அந்த நேரத்திலேயே எஞ்சின் அழியத் தொடங்கியிருக்கலாம். கலவையைச் சற்றுச் செழிப்பாக, அதாவது எரிபொருள் கூடுதலாக, வைத்தால் பிளக் கறுக்கும், எண்ணெய் வீணாகும், அவ்வளவுதான் நட்டம். வறட்சியாக வைத்தால் எஞ்சினே போய்விடும்.

எனவே நெடுநாள் கிடந்த எஞ்சினில் முதலில் தொடவேண்டியது கயிறு அல்ல, பிளக் சாவி. இரண்டு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் இரண்டு தேக்கரண்டி இரண்டடி ஒயிலை விட்டு, ஒரு நாளாவது அப்படியே நிற்க விடவேண்டும். மறுநாள் எஞ்சினின் உச்சியிலுள்ள சுழல்சக்கரமான பிளைவீலைக் கையால் பிடித்து, அது வழமையாகச் சுழலும் திசையில் மெதுவாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். திரும்பவில்லை என்றால் மறுபடி ஒயில் விட்டுக் காத்திருக்க வேண்டுமேயொழிய, கயிற்றில் தொங்கி இழுக்கக் கூடாது. துருவினால் சுவரோடு ஒட்டிய, பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங்கை வலிந்து இழுத்தால் அது முறியும், முறிந்த துண்டு சிலிண்டரைக் கீறும், அதன்பின் செலவு பல மடங்காகும். நான் நான்கு நாட்கள் காத்திருந்து விடுவித்த எஞ்சின்கள் இருக்கின்றன. தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ விடுகின்ற வழக்கம் சில இடங்களில் உண்டு. அவை நாளடைவில் பிசினாகி நிலைமையை மோசமாக்கும் என்பதால் தவிர்க்க வேண்டும்.

எஞ்சின் தாராளமாகச் சுழலத் தொடங்கிய பின் சிலிண்டருக்குள் எழும் அமுக்கத்தை அளக்க வேண்டும். இதற்கான மானி பெரிய விலையுள்ள பொருள் அன்று. எண்ணிக்கை எவ்வளவு என்பதைவிட, இரண்டு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்பதே முக்கியம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு இருந்தால் உள்ளே றிங்கோ கேஸ்கற்றோ பழுதாகியிருக்கிறது என்று கொண்டு, அதைத் திறந்து பார்த்த பின்பே அடுத்த வேலைக்குப் போகவேண்டும். தீப்பொறியைப் பார்ப்பது எளிது. புதிய பிளக்கை வயரில் மாட்டி, அதன் உடலை எஞ்சினின் சுத்தமான உலோகத்தில் அழுத்தி, பெற்றோல் வாடை இல்லாத இடத்தில் கயிற்றை இழுத்தால் நீலநிறப் பொறி தெரியவேண்டும். பொறி இல்லையென்றால் அதற்கு மின்சாரம் தரும் காயிலை மாற்ற ஓடுவதற்கு முன், நிறுத்தும் சுவிச்சின் வயரில் உப்புப் பூத்துத் தொடர்பு ஏற்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காயில் பழுது என்று என்னிடம் வந்தவற்றுள் பல, அந்த ஒரு வயரைச் சுத்தம் செய்ததோடு சரியாகின.

இனிக் காபரேற்றர். தாங்கியில் மிஞ்சிய பழைய எண்ணெயில் புதியதை ஊற்றிச் சமாளிக்கலாம் என்ற எண்ணத்தை முற்றாகக் கைவிட வேண்டும். பெற்றோலின் இலேசான பகுதி சில மாதங்களிலேயே ஆவியாகிப் போக, எஞ்சியது மஞ்சள் நிற அரக்குப் போல மிதவைக் கிண்ணத்தின் அடியிலும் ஜெற்றுகளிலும் படிகிறது. கிண்ணத்தைக் கழற்றினால் புளித்த வார்னிஷ் மணம் வரும். அந்த மணமே போதும், வேறு சோதனை வேண்டாம். பிரதான ஜெற், மெதுவோட்ட ஜெற், மிதவை, ஊசி வால்வு ஆகிய நான்கையும் கழற்றி, சுத்திகரிப்புத் திரவத்தில் ஊறவைத்து, காற்றடித்து ஊதவேண்டும். துளையைக் குத்தித் திறப்பதற்கு இரும்புக் கம்பியோ தையல் ஊசியோ பயன்படுத்துவதை நான் எத்தனையோ இடங்களில் கண்டு வருந்தியிருக்கிறேன். ஜெற் பித்தளையால் ஆனது. அதன் துளை மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் அளவிடப்படுவது. இரும்பு பட்டால் அது விரிந்துவிடும், பின் எந்தத் திருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது. நைலோன் வலை இழையான தங்கூசி ஒன்று போதும். அது நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

கலவைத் திருகைக் கழற்றுவதற்கு முன், அது முற்றாக மூடும் வரை எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணிக் குறித்துவைக்க வேண்டும். மூடும்போது விரல் நுனியால் மெல்ல மூடவேண்டும். இறுக்கினால் கூர்முனை நசுங்கும். அதோடு எண்ணெய்ப் பம்பின் சவ்வையும், குழாயையும், கைப்பம்பையும் ஒருங்கே மாற்றிவிடுவது நல்லது. இறப்பர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வளைத்தால் வெடிப்பது தெரியும்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. அவை பெற்றோலில் கிளம்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுபவை. நிறுத்துவதற்கு முன் சில நிமிடங்கள் மீண்டும் பெற்றோலில் ஓடவேண்டும், அப்போதுதான் காபரேற்றரிலும் உள்ளறையிலும் மண்ணெண்ணெய் தங்காது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. அதனாலேயே மண்ணெண்ணெயோடு நிறுத்திக் கிடத்திய எஞ்சின் எத்தனை இழுத்தாலும் கிளம்புவதில்லை. அவற்றின் அமுக்க விகிதம் பெற்றோல் எஞ்சினைவிடக் குறைவு, ஜெற்றின் அளவும் வேறு. 2022 இன் தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததைக் கிடைத்ததோடு கலந்து ஓட்டியவர்களும், ஒன்றின் காபரேற்றரை மற்றதில் பூட்டியவர்களும் இருந்தார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை, அடுப்பு எரியவேண்டியிருந்தது. ஆனால் அன்று கை மாறிய எஞ்சின் ஒன்றை இன்று வாங்குபவர், அதில் இருப்பது எந்த எரிபொருளுக்கான சிலிண்டர் தலை, எந்த எரிபொருளுக்கான ஜெற் என்பதை உறுதிப்படுத்தாமல் ஓட்டக் கூடாது. பெற்றோலுக்காகச் செய்த எஞ்சினில் மண்ணெண்ணெயை ஓட்டினால் சிலிண்டருக்குள் தட்டல் எழும். பிஸ்டனின் முகம் அதைப் பல நாள் தாங்காது.

குளிர்நீர்ப் பம்பைப் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும் போதாது. எஞ்சினின் காலுக்குள், கியர்ப் பெட்டிக்கு மேலே இருக்கும் சிறிய இறப்பர் சக்கரமான இம்பெல்லர்தான் கடல்நீரை மேலே ஏற்றுகிறது. கிடக்கும் காலத்தில் அதன் இதழ்கள் மடிந்த நிலையிலேயே உறைந்து போகின்றன. பக்கத்துத் துளையால் கொஞ்சம் நீர் பீறிடுவதைப் பார்த்துப் பம்பு வேலை செய்கிறது என்று நம்புகிறோம். மெதுவாக ஓடும்போது வரும் அந்த நீர், முழு வேகத்தில் தேவையான அளவு வருகிறது என்பதற்குச் சான்று அல்ல. ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த எஞ்சினுக்கு இம்பெல்லரை மாற்றியே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நன்றாக இருக்கிறதே என்று பழையதைத் திருப்பிப் பூட்டுவதை நான் ஒருபோதும் அனுமதித்ததில்லை. அதைக் கழற்றும்போது ஓர் இதழ் முறிந்து காணாமல் போயிருந்தால், அந்தத் துண்டு மேலே நீர்க்குழாயில் எங்கோ சிக்கியிருக்கிறது என்று பொருள். தேடி எடுக்காமல் மூடக்கூடாது. நன்னீரால் கழுவாமல் நிறுத்திய எஞ்சினில் நீர் ஓடும் வழிகளில் உப்புப் பாறைபோல் இறுகியிருக்கும், வெப்பநிலைக் கட்டுப்பாட்டு வால்வு இருக்குமானால் அதுவும் ஒட்டியிருக்கும். இரண்டையும் சுத்தம் செய்யவேண்டும். தண்ணீர் இல்லாமல் "ஒரு தரம் இழுத்துப் பார்ப்போம்" என்று உலர்ந்த நிலையில் கிளப்புவது புதிய இம்பெல்லரையும் சில விநாடிகளில் தீய்த்துவிடும். காலின் மேல்தட்டு மூழ்கும் அளவுக்கு நீர் நிரப்பிய பரலில், படகைத் தள்ளும் விசிறியைக் கழற்றிவிட்டு, கியர் போடாமல்தான் முதலில் கிளப்பவேண்டும்.

கியர் ஒயிலைக் கீழ்த் திருகைத் திறந்து வடித்துப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. விசிறிக்குப் பின்னால் சுற்றிய தங்கூசி, நீர் புகாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்திருப்பதே பெரும்பாலும் காரணம். புதிய ஒயிலைக் கீழ்த் துளையால் ஏற்றி, மேல் துளையால் வழியும்போது முதலில் மேல் திருகை மூடவேண்டும்.

இத்தனையும் முடிந்த பின்புதான் டியூனிங், அதாவது சீராக்கம், என்ற சொல்லுக்கே இடம் வருகிறது. கலவைத் திருகை மெல்ல மூடி, குறித்துவைத்த சுற்றுக்கு, அது தெரியாவிட்டால் ஒன்றேகால் முதல் ஒன்றரைச் சுற்று வரை வெளியே எடுத்துவிடுங்கள். பரலில் கிளப்பிச் சூடேற்றி நீர் வருவதை உறுதிப்படுத்திய பின், விசிறியைத் திரும்பப் பூட்டிப் படகில் ஏற்றி, கரையில் கயிற்றால் உறுதியாகக் கட்டி, முன்கியரில் மெதுவோட்டத்தில் விடவேண்டும். பாரம் இல்லாமல் பரலில் செய்த சீராக்கம் கடலில் நிற்காது. திருகைச் சிறிது சிறிதாக உள்ளே திருப்ப, ஓர் இடத்தில் எஞ்சின் தும்மித் தடுமாறும். வெளியே திருப்ப, வேறோர் இடத்தில் கனத்து உருளும். இரண்டுக்கும் நடுவே சீராக ஓடும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து மேலும் எட்டில் ஒரு சுற்று வெளிப்பக்கமாக வைத்துவிடுங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின் அரை நிமிடமாவது பொறுத்துக் கேட்க வேண்டும். எஞ்சின் உடனே பதில் சொல்லாது. இந்தத் திருகு மெதுவோட்டத்தை மட்டுமே ஆளுகிறது, முழு வேகத்துக் கலவையைத் தருவது பிரதான ஜெற் என்பதையும் மறக்கக் கூடாது. முழு வேகத்தில் இழுவை இல்லையென்று மெதுவோட்டத் திருகைத் திருப்புவதில் பயன் எதுவும் இல்லை. காபரேற்றர் திறப்பதும் பொறியின் நேரம் முன்னேறுவதும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. அந்தத் தண்டுகளின் மூட்டுகள் தேய்ந்திருந்தால் முதலில் அவற்றை மாற்றவேண்டும். சீராக்கம் சரியா என்பதைப் பிளக் சொல்லும். அரை மணி நேரம் பாரத்தில் ஓடி நிறுத்திக் கழற்றினால், அதன் வெண்பீங்கான் முனை வறுத்த கோப்பித்தூள் நிறத்தில் இருக்கவேண்டும். வெளுத்திருந்தால் மறுபடி கடலுக்குப் போகவேண்டாம்.

ஒயில் கலவை பற்றி ஒரு சொல். பல பெற்றோல் எஞ்சின்களுக்கு ஐம்பதுக்கு ஒன்று, அதாவது 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர் என்பது வழமை. றிங் மாற்றிய எஞ்சினுக்கு முதல் பத்து மணிநேரம் அதன் இருமடங்கு. மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு அதன் கைந்நூலில் உள்ள அளவையே பின்பற்ற வேண்டும். கண்மட்டத்தில் ஊற்றுவது பழகிய கை என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். அளவுக் குவளை ஒன்றை வாங்கிவிடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, இவ்வளவையும் ஓர் இளைஞன் தனியே செய்யவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. காரைநகரில் சீநோர் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் இயங்கிய காலத்தில் தொழிலைப் பார்த்துப் பழக இடங்கள் இருந்தன. போர் அந்தத் தொடர்ச்சியை அறுத்துவிட்டது. என் வயதுத் திருத்துநர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்துவருகிறோம். என் கைக்கு வந்த கைந்நூல்கள் எல்லாம் ஆங்கிலத்திலேயே இருந்தன. ஆகவே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிடமும், கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்திடமும் நான் கேட்பது பெரியதன்று. ஒவ்வொரு சங்கக் கட்டடத்தின் பின்புறத்திலும் எஞ்சினை மாட்டிச் சோதிக்கும் சட்டத்தோடு கூடிய நீர்த்தொட்டி ஒன்று, அமுக்கமானி ஒன்று, பிளைவீல் கழற்றும் கருவி ஒன்று இருக்கட்டும். கடல் திறப்பதற்கு முந்திய இரண்டு வாரங்களில், அனுபவமுள்ள திருத்துநர் ஒருவர் நாளொன்றுக்குச் சில மணிநேரம் அங்கே இருந்து, கொண்டுவரும் எஞ்சின்களை உரியவரைக் கொண்டே திறப்பித்துக் காட்டட்டும். இம்பெல்லரையும் பம்புச் சவ்வையும் சங்கமே மொத்தமாகத் தருவித்துக் கொள்விலைக்குக் கொடுத்தால், மலிவான போலிப் பாகங்களிடம் போகவேண்டிய நிலை குறையும். எஞ்சின் வகைகளுக்கேற்ற ஜெற் அளவு, பிளக் இலக்கம், பிளக் இடைவெளி, ஒயில் அளவு ஆகியவற்றைத் தமிழில் எழுதி ஒரே பலகையில் சுவரில் மாட்டிவைப்பதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை. நான் நடக்கக்கூடிய நிலையில் இருக்கும்வரை என் ஊர்ச் சங்கத்தில் இதற்கு ஊதியமின்றி வந்திருக்கச் சித்தமாயிருக்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள், கடல் மூடும் காலத்துக்கானது. ஐப்பசியில் வாடை தொடங்கி எஞ்சினைக் கரையேற்றும் நாளில், நன்னீர்ப் பரலில் அதை வைத்து, எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டுத் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, கிண்ணத்தை வடித்து, பிளக் துளையில் ஒயில் விட்டு இருமுறை மெல்லச் சுழற்றி, கியர் ஒயிலை மாற்றி, நிமிர்த்தி நிறுத்தி வைப்பதற்கு அரை மணி நேரமே ஆகும். காலைவிடத் தலை தாழும்படி கிடத்தினால் காலில் நின்ற நீர் சிலிண்டருக்குள் இறங்கும். நம் கிராமங்களில் காற்று எச்சரிக்கையையும் சங்கக் கூட்டத்தையும் கோயிலின், தேவாலயத்தின் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். அந்த அறிவிப்போடு இந்தச் சில வரிகளையும் சேர்த்து வாசிக்க முடியுமா என்று பங்குத்தந்தையர்களையும் ஆலய நிர்வாகத்தினரையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெளியிணைப்பு எஞ்சின் திருத்துநர்,
வடமராட்சி கிழக்கு.